மெழுகச் சொன்னாங்க

உங்கள் அப்பா பெரிய ஓவியராமே என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது கதவில்லாத எங்கள் குளியலறைதான். அந்தக் கதவைக் கழற்றித்தான் அப்பா படம் போட்டார். ஊரில் வேறு பலகையே இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். அதை அம்மாவே கேட்டுவிட்டாள். தேக்குதான் சூட்டுக்கு வளையாது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து நாங்கள் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டு, காற்றடித்தால் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் குளித்தோம்.

அப்பாவுக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளை வேலை. வேலை விட்டால் மற்ற அப்பாக்கள் டீக்கடைக்குப் போவார்கள். எங்கள் அப்பா நேராக அடுப்படிக்கு வருவார். தேன்மெழுகை உருக்கி, குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டு, செங்காவியோ கரித்தூளோ கலந்து, ஆறுவதற்குள் கதவில் தீட்டுவார். அது இறுகியதும் மேலே இஸ்திரிப் பெட்டியை லேசாக ஓட்டுவார். மெழுகோடு நின்றாரா என்றால் அதுவும் கிடையாது. கோணிச் சாக்கு, மணல், உடைந்த கப்புச் சில்லு என்று கண்டதையெல்லாம் ஒட்டினார். துணிக்குப் போடும் நீலம் முழுக்க வானத்துக்குப் போயிற்று. என் பள்ளிக்கூடச் சட்டை பழுப்பேறிற்று. குழம்பு குங்கிலியமாய் மணந்தது.

இவ்வளவும் எதற்கு? மணிமுத்தாற்றைப் படம் போடுவதற்கு. “ஆத்தப் பாக்கணும்னா எட்டி நடந்தா ஆறு. அதுக்கு எதுக்கு என் கதவு?” என்று அம்மா கேட்டாள். அதோடு அப்பாவிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு எல்லாம் என் வழியாகத்தான்.

அந்த அவஸ்தையை எப்படிச் சொல்வது! ஒரே கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள். “உங்கப்பாவ சாப்புட வரச் சொல்லு” என்பாள் அம்மா. அவர் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் எழுந்துபோய்ச் சொன்னால்தான் அசைவார். “இப்ப பசிக்கலன்னு சொல்லு பாப்பா” என்பார். தபால்காரருக்காவது ஒரு சைக்கிள் உண்டு.

அதில் ஒரு செய்தி மட்டும் திரும்பத் திரும்பப் போய்வந்தது. அப்பாவோடு படித்த ஒருவர் மெட்ராசில் ஓவியர்களோடு இருந்தார். ஒரு படம் கொண்டு வா, தேறினால் எங்களோடேயே தங்கிவிடு என்று சொல்லியிருந்தார். “படம் தேறுச்சுன்னா வேலைய வுட்டுட்டு மெட்ராசுக்குப் போயிருவேன், நீங்க இங்கயே இருங்கன்னு அம்மாகிட்ட சொல்லு” என்பார் அப்பா. “கேக்க இங்க யாரும் இல்லன்னு சொல்லு” என்பாள் அம்மா.

நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, படம் முடியவில்லை. வானம் வந்துவிட்டது, ஆறு வரவில்லை. வறண்ட ஆற்றின் நிறம் எதைக் கலந்தாலும் அகப்படவில்லை. அப்பா தீட்டுவார், சுரண்டுவார், தலையில் கை வைத்துக்கொள்வார். அந்த நாட்களில் அம்மா மெல்லப் பாட்டு முணுமுணுத்தபடி சமைப்பாள்.

சூளை எரிக்கும் நாள் ஒன்று வந்தது. எரித்து முடியும்வரை அப்பா பட்டறையை விட்டு நகர முடியாது. புறப்படும்போது, “நாளைக்கி வந்து பலகைய மெழுவணும், வெயில் படாம எடுத்து வெக்கச் சொல்லு” என்றார். நான் போய், “பலகைய மெழுவணுமாம், வெயில் படாம எடுத்து வெக்கணுமாம்” என்றேன். இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் வீட்டில் மெழுகுவது என்று அப்பா சொன்னால் அது தேன்மெழுகு, அம்மா சொன்னால் சாணி. பால்குடி மறக்காத என் தம்பிக்குக்கூட அது தெரியும்.

“என்னா சொன்னாரு? திருப்பிச் சொல்லு” என்றாள் அம்மா.

“மெழுவணுமாம்.”

“மெழுவணுமாமா? சரி.”

சாணியைக் கரைத்தாள். கதவைத் தாழ்வாரத்தில் கிடத்தி, தரையை மெழுகுவதுபோல ஓர் ஓரம் விடாமல், வானம் ஆறு எல்லாவற்றையும் மெழுகினாள். எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. கேட்டால் அதையும் போய்ச் சொல்லச் சொல்வாளோ என்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அப்பா வந்தார். கதவைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் குளியலறைப் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். என்ன பதில் சொல்வது என்று தயாராக வைத்திருந்தாள் என்பது அவள் நின்ற நிற்பிலேயே தெரிந்தது.

அப்பா கையால் தடவினார். மெழுகின் வழவழப்பில் சாணி பிடிக்கவில்லை. வானத்திலிருந்து அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஆனால் கீழே மணலிலும் கோணியிலும் சில்லுகளுக்கு நடுவிலும் நன்றாகப் பிடித்து, காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. கோடையில் நாங்கள் நடந்து கடக்கும் மணிமுத்தாறு அப்படியே கிடந்தது.

“இந்தா, ஆறு வந்துருச்சு!” என்று அப்பா கத்தினார். என்னிடம் இல்லை, அம்மாவிடம். “எப்பிடி மெழுவுன இத? தண்ணி எவ்ளோ ஊத்துன?”

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மெழுவச் சொன்னாங்கன்னு பாப்பா சொன்னா. மெழுவுனேன்” என்றாள்.

அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உதிர்ந்ததைத் துடைத்தார். போர்வை எங்கே, கயிறு எங்கே, சாயங்கால மெட்ராஸ் ரயிலுக்கு என் வேட்டி காய்ந்துவிட்டதா என்று எல்லாவற்றையும் அம்மாவிடமே கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இரண்டு பேரும் பேசிவிட்டார்கள்! இனி நான் யாருக்கும் எதையும் சுமக்க வேண்டாம்.

அடுப்படிக்கு ஓடினேன். அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

“அதான் பேசிட்டீங்கல்ல, அப்புறம் ஏம்மா அழுவுற?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “உள்ள இன்னும் ஈரமா இருக்குது, ஒரு நாளாவது காயட்டும், இன்னிக்கி ரயிலுக்கு வேணாம்னு அப்பாகிட்ட போயி சொல்லு” என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நீயே போயி சொல்லு, ஒனக்கு வாயில்லியா?” என்று கத்திவிட்டு, தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து ஓடினேன்.