பல்லக்குப் படமும் இரண்டு விளக்கக் கடிதங்களும்

எங்கள் அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் மலைக்கோட்டையின் பழைய அச்சுப்படம் ஒன்று மாட்டியிருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் வரைந்தது. உச்சியில் பிள்ளையார் கோயில், கீழே கோட்டைச் சுவர், தென்னைகள், முன்னால் ஒரு பல்லக்கு. உள்ளே இருந்த துரைக்கு மூக்கும் மீசையும்கூடத் தெரிந்தன. தூக்கிய நான்கு பேருக்கு முகமே வரையவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோய் அந்த அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த நான், இரண்டு வருஷம் பார்த்தும் இதைக் கவனித்ததில்லை. மலைக்கோட்டை எவ்வளவு அழகு என்பார்கள் வருகிறவர்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

கவனித்தவர் எங்கள் டவாலி, அலுவலகச் சேவகர். தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தவர் அவர்தான். சுவருக்கு வெள்ளையடித்து முடிந்ததும் படத்தைத் திரும்ப மாட்டச் சொன்னார் அதிகாரி.

"துடைக்கச் சொல்லுங்க, துடைக்கிறேன். என் கையால மாட்ட மாட்டேங்க," என்றார் டவாலி. வேறொருவர் மாட்டினார். மாலைக்குள் விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது.

அப்போதெல்லாம் விளக்கத்தை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். இங்கிலீஷ் தெரியாத அவருக்காக நான் எழுத உட்கார்ந்தேன்.

"எங்க பாட்டன் பூட்டன்லாம் பல்லக்குத் தூக்குனவங்கம்மா. அந்த நாலு பேருல ஒருத்தர் எங்க ஆளா இருக்கலாம். அப்படியே எழுதுங்க," என்றார்.

மூன்று பெண்களைப் பெற்றவர். வேலை போய்விடுமோ என்று பயந்து, தோள்வலியால் தூக்க முடியவில்லை, மன்னிக்கவும் என்று எழுதினேன். அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டார். நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அதிகாரி அவரிடம், "தோள்வலி தேவலையா?" என்று அன்பாகவே கேட்டிருக்கிறார். டவாலி நேரே என் மேஜைக்கு வந்தார். குரல் உயரவில்லை.

"எனக்குத் தோள் வலிக்கலையேம்மா."

"வேலை போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"அது என் கவலைங்க. நான் சொன்னதை எழுதுங்க."

எழுதினேன். அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து போய்ப் படத்தின் அருகில் நின்று வெகுநேரம் பார்த்தார். டவாலியை வேலையிலிருந்து நீக்கவில்லை, படத்தையும் இறக்கவில்லை. துறையூர் அலுவலகத்துக்கு மாற்றல் போட்டார்.

கிளம்புகிற அன்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தார் டவாலி.

"போயிட்டு வரேம்மா. ரெண்டாவதா எழுதுனதை ஒருதரம் தமிழ்ல சொல்லுங்க."

சொன்னேன். கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.