குருவி கத்திய வரிசை

என் தங்கை மீனாவின் இடது காதைச் செவிடாக்கியவள் நான். அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று அம்மாவிடம் சொன்னது பொய். அடித்தேன்... ஒரு வீடியோ கேமுக்காக!

சிரிக்காதீர்கள். அந்த விளையாட்டில் சண்டை கிடையாது, எதிரி கிடையாது. ஆளில்லாத தீவில் சுற்றி, கண்டதையும் கேட்டதையும் வைத்துப் பூட்டிய கதவுகளைத் திறக்க வேண்டும். அதில் என்ன சுகம் என்கிறீர்களா? விடை முதலிலிருந்தே உங்கள் எதிரில் இருக்கும். யாரும் சொல்லித்தர மாட்டார்கள். திடீரென்று உங்களுக்கே விளங்கும்... அந்தக் கணத்தில் உலகத்திலேயே நீங்கள்தான் புத்திசாலி! அலுவலகத்தில் நாள் முழுக்க மற்றவர் சொன்னதையே செய்யும் எனக்கு, அது ஒன்றுதான் சொந்தம்.

லேக் மார்க்கெட் பக்கம் ஒரு சிறிய ஃபிளாட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். மீனா கல்லூரியில் படித்தாள். பக்கத்துக் கரியாஹாட்டில் பாட்டும் கற்றாள். அன்று ஞாயிறு. விளையாட்டில் ஒரு கல் கதவு, முன்னால் வரிசையாக மணிகள். எப்படி அடித்தாலும் திறக்கவில்லை. வாரக்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த மீனா, திரையைப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

“அக்கா, ஆரம்பத்துலேர்ந்து ஒரு குருவி கத்திக்கிட்டே இருக்குல்ல? அதே மாதிரி மணிய அடிச்சுப் பாரேன். அதே ஸ்வரம்தான்!”

அதுதான் விடை. கேட்டதுமே தெரிந்துவிட்டது. என் விடை... அவள் வாயிலிருந்து!

எழுந்துபோய் அறைந்தேன். முடியைப் பற்றிச் சுவரில் மோதினேன். விழுந்த பிறகும் விடவில்லை; கையிலிருந்த கேம் கன்ட்ரோலரால் காதிலேயே ஓங்கி ஓங்கி அடித்தேன். “வேணாம்க்கா... அக்கா!” என்றாள். காதுக்குள்ளிருந்து ரத்தம் வழிந்தது. கண்கள் செருகின.

இதுவரை மீனாவுக்குத் தெரியும். இனிச் சொல்லப்போவது யாருக்கும் தெரியாது.

நான் அவளைத் தூக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். குருவி கத்திய வரிசையில் மணிகளை அடித்தேன். கதவு திறந்தது! ரத்தம் பிசுபிசுத்த விரல்களோடு நான் மகிழ்ந்தேன்... ஆம், மகிழ்ந்தேன்! அதன் பிறகுதான் டாக்சி பிடிக்க ஓடினேன். நான் மனுஷிதானா?

அந்தக் காது இனிக் கேட்காது என்றார் மருத்துவர். மறு காது நன்றாக இருக்கிறது, தாராளமாகப் பாடலாம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மீனா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“கதவு திறந்துச்சாக்கா?”

திறந்தது என்றால், எப்போது என்று கேட்பாளே! அதைவிட... வென்றவள் அவள் என்றாகிவிடுமே!

“இல்லடி. திறக்கல.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப நான்தான் தப்பாக் கேட்டிருக்கேன். ஸாரிக்கா” என்றாள்.

மன்னிப்பு கேட்டது அவள்!

அந்த வாரமே பாட்டு வகுப்பிலிருந்து நின்றுவிட்டாள். “ரெண்டு காதும் இருந்தப்பவே எனக்கு ஸ்வரம் தெரியலையேக்கா, இனிமே எங்க?” என்று சிரித்தாள். கதவு திறந்ததை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.