ஊதாங்குழல் நீச்சல்

நீச்சலில் மூச்சு விட எனக்குக் கற்றுக்கொடுத்தது அடுப்பு என்றால் என் பேரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவனுக்குக் கோச் இருக்கிறார். எனக்கு ஈர விறகுதான் இருந்தது.

ராஜா ஆண்ட சமஸ்தானம் போய்ச் சில வருஷம் ஆகியிருந்த காலம். குளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் தாய்மாமன் திருச்சியில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். தீபாவளிக்கு வந்தவர், ஊர்க் குளத்தில் நாங்கள் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்துவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "என்னங்கடா இது எருமை நீச்சல்? திருச்சியில இப்ப பிரீஸ்டைல்தான்" என்று முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, கைகளை மாற்றி மாற்றி வீசிக் கொஞ்ச தூரம் போனார். பிறகு இருமிக்கொண்டே எழுந்து நின்றார். ஆனாலும் வாய் குறையவில்லை. "பொங்கலுக்கு வருவேன். படித்துறையிலேருந்து கடைசி மடை வரைக்கும் இப்படி நீந்துற ஆளை திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார். பொட்டைப் பிள்ளையான நான், என்னையும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன். திருச்சியை நான் பார்த்ததே இல்லை; கீரனூர் பஸ்ஸே எனக்கு அதிசயம்.

மறுநாளே இறங்கினேன். கிணற்றில் காசு போட்டு முங்கி எடுக்கிற விளையாட்டில் தம் கட்டிப் பழகிய பிள்ளைகள் நாங்கள். தண்ணீருக்குள் போனால் மூச்சை அடக்க வேண்டும், அதுதான் எங்கள் ஊர்ச் சட்டம். அதன்படியே முகத்தை உள்ளே வைத்துத் தம் கட்டினேன். தலையைத் திருப்பியதும் அடக்கிய மூச்சை விடவும் வேண்டும், புது மூச்சை இழுக்கவும் வேண்டும். அதற்குள் முகம் மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். விட்டது பாதி, இழுத்தது தண்ணீர். பாதி தூரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன்தான் என் முடியைப் பிடித்து இழுத்துவந்து கரையில் போட்டான்.

அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். விஷயம் தெரிந்தும் ஆத்தா அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இனிமே குளத்துப் பக்கம் போனே, காலை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன். ஒக்காந்து இதை ஊது" என்று ஊதாங்குழலைக் கையில் கொடுத்தாள்.

ஐப்பசி மழையில் விறகெல்லாம் நனைந்து, புகைந்ததே தவிர எரியவில்லை. நான் குழலை வாயில் வைத்தபடியே ஊதினேன், வைத்தபடியே இழுத்தேன். புகை தொண்டைக்குள் இறங்கிக் கண்ணும் மூக்கும் ஒழுகின.

"அடி கூறுகெட்டவளே, குழலுக்குள்ளயா மூச்சை இழுப்பாக? உள்ளதையெல்லாம் அங்கிட்டு ஊதிட்டு, மூஞ்சிய இங்கிட்டுத் திருப்பி இழு. நெஞ்சு காலியா இருந்தா மூச்சு தானா வரும்டி."

ஊதினேன். திருப்பினேன். மூச்சு தானாகவே வந்தது. அட, தண்ணீருக்குள்ளும் இதைத்தானே செய்யணும்! அடுப்பு பற்றியதைக்கூட நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து மாட்டுத் தொட்டியில் முகத்தை வைத்துக் குபுகுபுவென்று ஊதிப் பழகினேன். "மாடு குடிக்கிற தண்ணிய ஏண்டி எச்சி பண்ணுற?" என்றாள் ஆத்தா. வேறொன்றும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு மாமா வந்தார். "ஒரே ஒரு தடவை ஆத்தா. முடியலேன்னா இனி குளம்னு வாயே தொறக்க மாட்டேன்" என்று கெஞ்சினேன். அவள், "சரி, நானும் தொவைக்க வாரேன்" என்று ஒரு சேலையை எடுத்துக்கொண்டாள். முந்தின நாள் துவைத்து, நானே மடித்துவைத்த சேலை. துவைத்ததையே மறுபடி துவைக்கிறாளே, சரியான வேலைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் பாதியிலேயே தலையைத் தூக்கி எருமை நீச்சலுக்கு மாறிவிட்டான். நான் கரையை ஒட்டியே போனேன். ஊதினேன், திருப்பினேன், இழுத்தேன். திருப்பும்போதெல்லாம் கரைமேல் ஆத்தா தெரிந்தாள். நனைத்த சேலையைச் சுருட்டித் தோளில் போட்டபடி நடந்துகொண்டிருந்தாள். முந்தானையில் பெரிதாக ஒரு முடிச்சு. பெற்ற பிள்ளை நீந்துவதைப் பார்க்காமல் சேலை காயப்போட இடம் தேடுகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்திலேயே இன்னும் பலமாக ஊதினேன். மடைக் கல் கையில் தட்டியது.

மாமா வாக்குத் தவறவில்லை. மலைக்கோட்டை காட்டினார், காவிரி காட்டினார். காவிரியில் மட்டும் இறங்கவிடவில்லை.

பல வருஷம் கழித்து என் மகள் அதே குளத்தில் நீந்தப் பழகினாள். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். ஆத்தா கரையிலேயே நின்றாள். "நீயும் எறங்கேன் ஆத்தா" என்றேன்.

"எனக்கு எங்கிட்டுடி நீச்சல் தெரியும்? நான் பொறந்த ஊர்ல இருந்தது குடிக்கிற ஊருணி ஒன்னுதான். அதுல காலை நனைக்கக்கூட விட மாட்டாக."

அவள் தோளில் நனைத்துச் சுருட்டிய சேலை கிடந்தது. பேத்தி தத்தளித்தால் பிடித்துக்கொள்ள வீசும்போது தூரமாய்ப் போய் விழட்டும் என்று, முந்தானையில் கல்லை வைத்து முடிந்திருந்தாள்.

மகராசி, அந்தப் பொங்கலன்றும் படித்துறையிலிருந்து மடைவரைக்கும் அதைச் சுமந்துகொண்டு என் கூடவே வந்திருக்கிறாள். நானோ அவளைத் திட்டிக்கொண்டே நீந்தியிருக்கிறேன்.