நாற்பதில் ஒரு பங்கு

உலகத்துச் சந்தேகம் முழுவதையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, லுத்பியா சாச்சியை மற்றத் தட்டில் ஏற்றினால், சாச்சியின் தட்டு வெள்ளவத்தைக் கடலுக்கு அடியில் போய் நிற்கும். பால்மா பக்கற்றின் திகதியை மூன்று தரம் வாசிப்பவர் அவர். கடைக்காரன் சிரித்துவிட்டால் மீனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அப்படிப்பட்டவர், கடல் தெரியும் ஃபிளாட் ஒன்றில் நாற்பதில் ஒரு பங்கு வாங்கப் போகிறாராம். இருபத்திரண்டு வருடம் வாடகை வீட்டில் கேக் சுட்டுச் சேர்த்த சல்லி முழுவதும் அதற்குத்தான். நாளைக்குக் கையெழுத்து. வீட்டு உறுதிப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கும் என்று மேல்வீட்டில் இருக்கும் அக்கா மகள் சஹ்லா கேட்டதற்கு, பங்கு விற்கும் கம்பனிக்காரன் ஃபோனில் ஒரு நீச்சல் குளத்தைக் காட்டினான். அன்றிலிருந்து அவனுடைய மீசைகூட அவளுக்குப் பொய்யாகத் தெரிந்தது.

நேராகச் சொன்னால் சாச்சி கேட்கமாட்டார். சஹ்லா மொட்டை மாடிக்கு ஏறி, சிநேகிதியின் ஃபோனில் சாச்சிக்கு எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு கிழவிக் குரலில் கதைத்தாள்.

"நானும் அந்த ஃபிளாட்டுல பங்குக்காரி. குசினி என்ட பங்கு. நீங்க அதுல கேக் சுட ஏலா."

"அப்ப எனக்கு எது?"

"வாசப்படி. அதுலயும் நாப்பது நாளைக்கு ஒருக்காத்தான் குந்தலாம். சல்லியக் குடுத்துராதீங்க..." கிழவிக் குரல் உடைந்து, சொந்தக் குரலில் விம்மல் வந்தது.

"காலையிலயே புதுக்கடைக் கோர்ட்டடிக்குப் போய், உறுதி எழுதுற நொத்தாரிஸ்ட கேட்டுட்டன்," என்றார் சாச்சி. "உறுதியில கம்பனிட பேர் மட்டும்தானாம். கையெழுத்து வெக்கமாட்டன். நீ அழாம எறங்கி வா, சஹ்லா."