கற்பகத்தின் வயிறு

முனீஸ்வரிக்கு வாய் நீளம் என்று போடி ஏலக்காய்க் குடோன் முழுக்கப் பேச்சு. கூட உட்கார்ந்து காய் பொறுக்கும் பெண்களில் யாராவது அவள் மகளைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், சொன்னவள் அன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்ற மாதிரிதான். அந்த வீறாப்பெல்லாம் வீட்டு வாசல் வரைக்கும்தான் செல்லும். உள்ளே எட்டு வயதுக் கற்பகம் இருப்பாள்.

கற்பகத்துக்கு ஆட்டிசம். பேச்சு இல்லை. இட்லி, தயிர்ச்சோறு என்று வெள்ளையாக இருந்தால்தான் வாய் திறப்பாள். காய், கீரையைக் கண்ணில் காட்ட முடியாது. அதனால் மலம் இறுகி நாள்கணக்கில் வெளிக்குப் போக மாட்டாள். வலி வந்தால் தன் கையையே கடித்துக்கொண்டு சுவரில் முட்டுவாள். பல்லா, காதா, வயிறா என்று தெரியாமல் பெற்றவள் பதறுவாள். "எங்க வலிக்குதுன்னு மட்டும் காட்டிரு ஆத்தா, வேற ஒண்ணும் வேணாம்" என்று அழுவாள். அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான், பாவம்.

தேனியில் ஒரு டாக்டரம்மா நார்ச்சத்துப் பொடி எழுதிக் கொடுத்தார். "குடலுக்குள்ள நல்ல கிருமிகளும் இருக்கும்மா. அதுகளுக்கு இதுதான் தீனி. கொஞ்சமாத் தொடங்குங்க, எடுத்ததும் கூட்டுனா வயிறு உப்பிரும். தண்ணியும் நல்லாக் குடுங்க."

"இதத் தின்னா எம்புள்ள பேசிருமா?"

"அப்படி யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஆட்டிசத்துக்கும் குடலுக்கும் என்ன தொடர்புன்னு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது. இது வயித்துக்கு மட்டும். வலி குறைஞ்சா புள்ளைக்கு நிம்மதிதானே?"

முனீஸ்வரியின் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் பொடியைத் தயிர்ச்சோற்றில் பிசைந்தாள். மருந்து வாடை தெரியக்கூடாதே என்று ஓர் ஏலக்காயையும் தட்டிப் போட்டாள். மணக்க வைப்பதற்குப் போடிக்காரிக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்! கற்பகம் மோந்து பார்த்துத் தட்டைத் தள்ளிவிட்டாள். மறுநாள் இவள் இரண்டு காய் போட்டாள். தட்டு சுவரில் போய் விழுந்தது.

அவள் புருசன் தவசி, தோட்டத்து ஆட்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர். ஒரு நாள் சாயங்காலம் அவனே சோற்றைப் பிசைந்து வைத்தான். மகள் வழித்துத் தின்றுவிட்டாள். முனீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"பெத்தவ கை கசக்குதாக்கும்? அப்படி என்ன மாயம் பண்ணுனீங்க?"

"மாயமா? தயிரும் பொடியும்தான். ஒன்னைய யாருடி ஏலக்காய் போடச் சொன்னது? சோறு குடோன் கணக்கா மணக்குது. ஒனக்குத்தான் மூக்கு செத்துப்போச்சு!"

கையை மோந்து பார்த்தாள். ஒரு வாசமும் தெரியவில்லை. விடிந்ததிலிருந்து அந்தக் காய்க்குள்ளேயே கிடக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைக்கு அது எத்தனை காட்டமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. "அட கூறுகெட்டவளே" என்று தன்னையே வைதுகொண்டாள்.

அதற்குப் பிறகு ஏலக்காய் போடாமல் பிசைந்தாள்; கற்பகத்தின் வயிறு மெதுவாக இளகியது. அதிசயமெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. கற்பகம் பேசவில்லை, காய்கறியைத் தொடவில்லை, சில நாள் தட்டும் பறந்தது. ஆனால் கையில் கடித்த புண்கள் ஆறத் தொடங்கின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனீஸ்வரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கற்பகம் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். ஐயோ, தொடங்கிவிட்டதா என்று இவளுக்குத் திக்கென்றது. பிள்ளை கையைக் கடிக்கவில்லை. முன்பெல்லாம் வலியின் வேகத்தில் அவளுக்கு எதுவும் ஓடாது. இது சின்ன வலி. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொப்புளுக்குக் கீழே வைத்து அமுக்கினாள்.

"இங்கயா ஆத்தா? இங்கயா வலிக்குது?"

கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, முனீஸ்வரி மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். மூக்கைத் துடைக்கக் கையை எடுத்தாள். கற்பகம் விடவில்லை. அந்தக் கையை இழுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள்.