மீசையில்லாத மாப்பிள்ளையின் படகு

என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அந்த மனிதருக்கு மீசை இல்லை. எங்கள் வீட்டுச் சந்தேகமெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

எழுபதுகளின் பிற்பாதி அது. பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் மீசை இல்லாத ஆண் என்றால் ஒன்று சின்னப்பையன், இல்லாவிட்டால் அப்பனைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்தவன். இவருக்கோ தாய் தகப்பன் இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடற்கரை ஊரான மண்டபத்தில் அரசாங்க உத்தியோகம், நல்ல நிறம், நல்ல உயரம். உதட்டுக்கு மேலே மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெறுமை.

போதாததற்கு அவர் கேட்ட ஒரே கேள்வி வேறு. சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று ஒன்றும் கேட்கவில்லை. தங்கையைப் பார்த்து, "நீந்தத் தெரியுமா?" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, "அதெல்லாம் பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குங்க? தையல் படிச்சிருக்கா" என்று சொல்லிவிட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்தார்.

அவர்கள் போனபிறகு தரகர் மெதுவாக இன்னொன்றையும் அவிழ்த்துவிட்டார். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு இருக்கிறதாம். லீவு நாளில் அதில் ஏறி ஏதாவது ஒரு தீவுக்குப் போய், கடலுக்குள் முகத்தைக் கவிழ்த்துப் போட்டு மிதந்துகொண்டிருப்பாராம். அப்பா தன் மீசையை ஒருமுறை தடவினார். "கிளார்க்கு வேலை பாக்குறவனுக்குப் படகு எதுக்குடா?" என்றார். அந்தக் கரையிலிருந்துதான் மதுரைக்குக் கள்ளக்கடத்தல் துணியும் கைக்கடிகாரமும் வருகின்றன என்று ஊருக்கே தெரியும். "போயி விசாரிச்சிட்டு வா. ஒரு சொட்டை, ஒரு குறை இருந்தாலும் வேணாம்."

விசாரிப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. தல்லாகுளத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள்கூடத் தங்கள் வீட்டுச் சம்பந்தங்களுக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். சொட்டை இல்லாத மாப்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் இந்த முறை ஒன்று உறுத்தியது. இதற்குமுன் வந்த வரன்களைப் பற்றி வாயே திறக்காத தங்கை, நான் பை எடுக்கும்போது வந்து நின்று, "எப்பண்ணே திரும்புவிய?" என்றாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் என்ன சொல்லிக்கொண்டு வருகிறேனோ அதுதான் அவள் கதி.

மண்டபத்தில் இறங்கி டீக்கடையில் கேட்டேன். தங்கமான மனுஷன் என்றார்கள். எல்லாரும் ஒரே குரலில் நல்லவன் என்றால் எனக்கு நம்பிக்கை வராது. சவரக்கடைக்குப் போய், "மீசைய எப்பருந்து எடுக்குறாரு?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இங்க எங்க வாராரு? அவரே எடுத்துக்குவாரு, தெனமும்" என்றார். தினமும்! முகத்தை யாரிடமிருந்து மறைக்கிறான்?

நான் டீக்கடைக்குத் திரும்புவதற்குள் மாப்பிள்ளையே அங்கே உட்கார்ந்திருந்தார். சின்ன ஊர். "விசாரிச்சு முடிச்சிட்டியளாண்ணே? நாளைக்குப் படகுல போறேன். நீங்களும் வாங்க, ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்" என்று சிரித்தார். கடலில் தள்ளிவிடத்தான் கூப்பிடுகிறான் என்று முதலில் தோன்றியது. மறுத்தால் பயந்தவன் ஆகிவிடுவேன். வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த மிதவை வண்டியூர் தெப்பம் ஒன்றுதான். அதைக்கூடக் கரையில் ஆட்கள் நின்று வடம் பிடித்து இழுப்பார்கள். இதை யாரும் இழுக்கவில்லை. பாய் உப்பியது, கரை தானாக விலகியது. வயதான படகுக்காரர் ஒருவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தார். பேசாத ஆளையும் நான் நம்புவதில்லை.

ஒரு மணல் தீவின் அருகே நங்கூரம் போட்டார்கள். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு, ரப்பர் விளிம்பு வைத்த கண்ணாடி ஒன்றை முகத்தில் மாட்டினார். கண்ணும் மூக்கும் அதற்குள் அடங்கிவிட்டன. வாயில் வளைந்த குழாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற ஒருவரிடம் வாங்கியதாம். அதன்பிறகு முதுகும் குழாயும் மட்டும்தான் தெரிந்தன. வெயில் உச்சிக்கு வந்தும் ஆள் தலையைத் தூக்கவில்லை. படகுக்காரர் பாயின் நிழலில் படுத்துக் குறட்டை விட்டார்.

நான் சும்மா இருப்பேனா? மாப்பிள்ளையின் பையைத் திறந்தேன். சாராயம் இல்லை, சிகரெட் இல்லை. ஒரு சவரக்கத்தி, சோப்பு, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி. நடுக்கடலில் ஒருவனுக்குச் சவரக்கத்தி எதற்கு? அந்தக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அடித்தால் தூரத்துப் படகுக்குச் சைகை காட்டலாம். கடலுக்கு அடியில் மூட்டை போட்டு வைத்திருக்கிறான், அதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு கிடக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவர் ஏறி வந்ததும், "நானும் பாக்கணும்" என்றேன். கிணற்றில் நீந்தி வளர்ந்தவன், நீச்சலுக்குப் பயமில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தேன். முகத்தைக் கவிழ்த்ததும் மூக்கடியில் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்துவிட்டது. இருமிக்கொண்டு எழுந்தேன். வாரை இறுக்கினார், மறுபடியும் அதே கதை. பழுதான கண்ணாடியைக் கொடுத்துக் கீழே இருப்பதை மறைக்கிறானா என்று கோபம் வந்தது.

"கண்ணாடில ஒண்ணுமில்லண்ணே. மீசைதான். ரப்பர் தோல்ல ஒட்டணும். மயிரு இருந்தா இடுக்கு வழியா தண்ணி வந்துரும். நானும் மொதல்ல இம்புட்டு மீசை வச்சிருந்தவன்தான்" என்றார்.

எங்கள் வீடே கூடிப் பேசி மண்டையை உடைத்துக்கொண்ட மர்மம், இம்புட்டுத்தான். ஆனால் என் புத்தி அதோடு விடவில்லை. மீசைக்குக் காரணம் கிடைத்துவிட்டது, மூட்டைக்குக் கிடைக்கவில்லையே. கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஊர் திரும்பினால் நான் விசாரித்ததாக ஆகுமா?

"எடுத்துருங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. "யோசிச்சுக்கங்கண்ணே. ஊருக்குப் போகணும்ல?" என்றார். எடுங்கள் என்றேன் மறுபடியும். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் சோப்பைக் குழைத்து, என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். படகு ஆடியது. கத்தி ஆடவில்லை. அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது. அந்த நேரத்தில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இந்த முறை ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. கீழே மூட்டை இருக்கிறதா என்று பாறை பாறையாகத் தேடினேன். பாறைகளெல்லாம் பூக்கோசு மாதிரிப் பூத்திருந்தன. மணலில் வெயில் நெளிந்துகொண்டிருந்தது. வரிவரியாக மஞ்சள் போட்ட மீன் ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து நின்று என்னை விசாரித்துவிட்டுப் போனது. வேறொன்றும் இல்லை. அது போதுமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷம் நான் அதுவரை பட்டதில்லை. படகுக்காரர் சோறு ஆகிவிட்டது என்று நங்கூரக் கயிற்றை ஆட்டிக் கூப்பிடும்வரை நான் தலையைத் தூக்கவில்லை.

தீவு மணலில் மீன்குழம்பும் சோறும் தின்றுவிட்டுப் படுத்திருந்தோம். "நீந்தத் தெரியுமான்னு எதுக்குக் கேட்டிய?" என்றேன்.

"கரையில உக்காந்து என் துணிமணிக்குக் காவல் இருக்க ஆள் வேணாம்ணே. கூட வர்ற ஆள் வேணும்" என்றார்.

மறுநாளும் மிதந்துவிட்டு ஊர் திரும்பினேன். வாசலில் என்னைக் கண்டதும் அம்மா, "அய்யோ, யாருக்குடா என்ன ஆச்சு?" என்று அலறினாள். அப்பா எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். "எவன்கிட்டடா தோத்துட்டு வந்த?" என்றார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொட்டை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதைக் கடைசியாகத்தான் சொன்னேன்.

"செரச்சது யாரு?"

"அவருதான்."

"ஆடுற படகுல, கத்திய அவன் கையிலயா குடுத்த?"

"ஆமாப்பா."

அப்பா மறுபடியும் தன் மீசையைத் தடவினார். "நீ அடுத்தவன் குடுக்குற தண்ணியவே மோந்து பாத்துட்டுக் குடிக்கிறவன். கழுத்துக்கிட்டக் கத்தி வைக்க விட்டுட்டு வந்திருக்க. இதுக்குமேல என்னத்த விசாரிக்க? வரச் சொல்லு" என்றார்.

அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு தங்கை நின்றிருந்தாள். என் உதட்டைப் பார்த்து வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அண்ணே, அன்னைக்கு அவர் என்னையத்தான் கேட்டாரு. பதில் சொன்னது அம்மா. நீந்தத் தெரியும்னு சொல்லிருங்க. கெணத்துல உங்கள விட நான்தான் ஆழம் போவேன், அதையும் சேத்துச் சொல்லுங்க."