பவுடர் போடாதவர்களின் படம்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் முகப்பவுடர் டப்பா நிரப்பும் கம்பெனியில் எனக்கு வேலை. என் அண்ணிக்கும் அங்கேதான், பக்கத்து மேஜை. வீட்டில் பாதியில் விட்ட சண்டையை கம்பெனியில் வந்து முடித்துக்கொள்வோம்.

போன வருஷம் கம்பெனியில் பெண்களுக்கெல்லாம் மார்பகப் புற்றுநோய் பரிசோதனை என்றார்கள். அண்ணி வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அவளுடைய அம்மாவைக் கொண்டுபோனதே அந்த நோய்தான். நியாயப்படி அவள்தான் முதல் ஆளாகப் போகவேண்டும். ஆனால் அவளுக்கு நோயைவிட எக்ஸ்ரே மேல்தான் பயம்.

“இல்லாத நோயை இவங்களே ஏத்தி வுட்டுடுவாங்கடி. கதிர் பட்டா கத முடிஞ்சிது.”

எனக்குப் பொறுமை கிடையாது. “புது மெஷினு, கதிர் ரொம்பக் கம்மின்னு நர்ஸ் சொன்னாங்க. ஒரே தடவதான். மறுபடி எடுக்கணும்னு சொன்னா நானே அந்த மெஷின ஒடைக்கிறேன், போதுமா?” என்று கத்தினேன். அண்ணி அதை நம்பிவிட்டாள்.

‘பவுடர், சென்ட் போடாமல் வரவும்’ என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்க அதிலேயே புரள்கிறவர்கள் வீட்டில் போய் அதை எடுத்துப் பூசிக்கொள்வோமா? எங்களில் யார் வீட்டிலும் பவுடர் டப்பாவே கிடையாது. நிம்மதியாக ஷிப்ட் முடித்து, அப்படியே கம்பெனி வேனில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

படம் எடுக்கும் பெண் ஒவ்வொருத்தியையும் கேட்டாள். “பவுடர் போட்டிருக்கீங்களா?”

“சத்தியமா இல்லம்மா.”

முதல் படத்தைப் பார்த்த டாக்டரம்மா முகம் சுருங்கியது. அக்குள் பக்கமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். நோய் ஆரம்பிக்கும்போது சிலருக்கு அப்படிச் சுண்ணாம்புப் புள்ளி தெரியுமாம். அடுத்தவளுக்கும் புள்ளி. மூன்றாவதாகப் போன அண்ணிக்கும் புள்ளி. ஒரே கம்பெனியில் இத்தனை பேருக்கா என்று டாக்டரம்மா எழுந்தே விட்டார். அதற்குள் படம் எடுக்கும் பெண் அடுக்கடுக்காகத் தும்மினாள். மெஷின் பலகையை விரலால் வழித்துப் பார்த்தாள்.

“பவுடர் போடலன்னு சொன்னீங்களே?”

“போடலம்மா. பேக் பண்றோம்.”

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. “கதிர் கம்மியான மெஷின் வாங்கிட்டு, ஒரே படத்த ரெண்டு தடவ எடுத்தா என்ன பிரயோஜனம்? எல்லாரும் போய்க் கழுவிட்டு வாங்க. எடுத்த மூணு பேருக்கும் சந்தேகமான பக்கம் மட்டும் மறுபடி எடுப்பேன். தேவையில்லாம ஒண்ணு கூட எடுக்க மாட்டேன்.”

ஒரு பாத்ரூம், ஒரு சோப்பு, ஒரு மக். சாக்கடையில் பால் மாதிரி தண்ணீர் ஓடியது. மல்லிகை வாசனையில் வராந்தாவே கல்யாண மண்டபம் ஆனது. கூட்டத்தில் அண்ணியை மட்டும் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால் வாசலில் ஆட்டோ பேசிக்கொண்டிருக்கிறாள்.

“மெஷின ஒடைக்கிறேன்னியே, ஒட. மறுபடி கதிருக்கு நா வரமாட்டேன்.”

நானும் தெரு என்று பார்க்காமல் கத்தினேன். படிப்பில்லாதவள் என்றேன், பிள்ளைகளை நினைத்தாயா என்றேன், என் அண்ணன் தலையெழுத்து என்றேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்கு பயமா இருக்கு அண்ணி. வா.”

அவள் ஆட்டோக்காரரிடம் திரும்பி, “நீ இன்னாய்யா வேடிக்க பாக்குற?” என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனாள்.

கழுவியதும் மற்ற இரண்டு பேருக்கும் புள்ளிகள் போய்விட்டன. அண்ணிக்கு மட்டும் இடது பக்கம் ஒரு சின்னக் கொத்து போகவில்லை. ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். அதுதான். கையால் தடவினால் தெரியாத ஆரம்ப நிலை. அத்தனை பவுடர் புள்ளிகளுக்கு நடுவே அது நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்திருக்கிறது. அன்றைக்கு அவள் ஆட்டோ ஏறியிருந்தால் அது அப்படியே வளர்ந்திருக்கும். ஆபரேஷன் ஆனது. மறுபடி வேலைக்கும் வந்தாள், சண்டைக்கும் வந்தாள்.

இந்த வருஷம் பரிசோதனைக்குக் காலையிலேயே, ஷிப்டுக்கு முன்னால், வேன் வரவேண்டும் என்று சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டியவள் அண்ணிதான். வேன் வாசலில் நின்று ஒவ்வொருத்தி கழுத்தையும் மோந்து பார்த்துத்தான் ஏற்றினாள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தயங்கினாள். “கதிர் ஒடம்புக்கு ஆவாதுன்றாங்களேக்கா?”

அண்ணி கோபப்படவில்லை. சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்.

“எனக்குப் படத்துல கண்டுபுடிச்சப்ப இவ்ளோண்டு. எங்கம்மா கையால தடவிக் கண்டுபுடிச்சப்ப எலுமிச்சம்பழம் சைசு.”

அந்தப் பெண் கழுத்தைக் காட்டிவிட்டு வேனில் ஏறினாள்.